பின்பக்கமாகப் படியிறங்கியவர்

படியில் ஏறும்போது அவர் எல்லோரையும் போலத்தான் ஏறுவார். இறங்கும்போது மட்டும் திரும்பி நின்று, கைபிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் விட்டுப் படியைத் தேடி, மற்றக் காலை அதற்குப் பக்கத்தில் வைத்து, பின்பக்கமாக இறங்குவார். ஆறடிக்கு மேல் உயரம், கழுத்து மரக்குற்றி போல இருக்கும். அப்படிப்பட்ட மனிதர் பாலர் வகுப்புப் பிள்ளை போல இறங்குவதைப் பார்த்து முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். வெட்கப்பட அதைவிடப் பெரிய காரியங்களும் எனக்கு இருக்கின்றன, சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் சின்னக் கம்பனி ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே லொறியில் வேலை செய்தோம். அவர் அவுஸ்திரேலியர், நாற்பதைத் தொடுகிற வயது. நான் யாழ்ப்பாணத்தில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்து, அகதியாக வந்து, இருபத்தெட்டு வயதில் அலுமாரி தூக்கப் பழகியவன். என் அகதி வழக்கு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. வேலை செய்ய அனுமதி வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. அந்தக் கம்பனியில் வேலை செய்த என் மச்சான் வேறு இடம் கிடைத்துப் போனபோது தன் பெயரை எனக்கு விட்டுவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை அவன் நின்ற இடத்தில் திங்கட்கிழமை நான் போய் நின்றேன். முதலாளி கவனிக்கவேயில்லை. எங்கள் ஆட்களுக்கெல்லாம் அவர் கண்ணில் ஒரே முகம்.

பிறகு என் சொந்தப் பெயருக்கே அனுமதி வந்தது. அப்போதாவது மாற்றியிருக்கலாம். மாற்றப் போனால் இவ்வளவு நாளும் நீ யார் என்று கேட்பார்கள், அது குரோய்டன் வரைக்கும் போகும், வழக்குக் கெட்டுவிடும் என்று பயந்தேன். உண்மைப் பெயர் சட்டைப்பைக்குள் இருக்க, பொய்ப் பெயரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற இந்த மடத்தனம் எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும்.

அவுஸ்திரேலியர் எனக்குப் பிறகு வந்து சேர்ந்தவர். ஆகவே அவருக்கும் நான் மச்சானின் பெயர்தான். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் என் நினைவில் அவர் யாழ்ப்பாணத்தான் போலத்தான் பேசுகிறார், அதனால் அப்படியே எழுதுகிறேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் அவர் உண்மையிலேயே தமிழில் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஒருநாள் லொறியின் பின்கதவு என் விரலில் விழுந்தது. "என்ன?" என்று ஓடிவந்தார். நான் வாயில் வந்தபடி, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்றேன். அதன் அர்த்தத்தைக் கேட்டு, இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்து, முகம் மலர்ந்தார்.

"இதுதான் எனக்கு வேண்டிய சொல்லு," என்றார்.

தன் பையிலிருந்து வெள்ளை ஒட்டுநாடாவை எடுத்து, அடிபட்ட விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துச் சுற்றினார். அந்தச் சுருள் இல்லாமல் அவர் எங்கும் போனதில்லை. எந்த வைத்தியனும் அவ்வளவு கச்சிதமாகச் சுற்றமாட்டான். "வா, இன்னும் ஒரு கட்டில் கிடக்கு." நானும் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் கேட்பார்கள். அந்த விரல் இன்றைக்கும் நேராக நிமிராது. அலுவலகத்தில் ஆணியில் ஒரு சிவப்புப் புத்தகம் தொங்கியது. வேலையில் யாருக்கு அடிபட்டாலும் அதில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும் என்பது விதி. நான் அதைத் தொடவில்லை. அவரும் ஒருநாளும் தொட்டதில்லை.

நான் தொடாததற்குக் காரணம் சொல்லிவிட்டேன். அவருடைய காரணம் வேறு.

மெல்பேர்னில் அவர் சம்பளத்துக்கு ஆடிய பந்தாட்டக்காரர். உதைபந்தாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது அவுஸ்திரேலியர்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஆட்டம். நீள்வட்டப் பந்து, நீள்வட்ட மைதானம், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், கோல் இருக்கிற இடத்தில் நாலு கம்பம். நடுக் கம்பங்களுக்கிடையில் உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறி ஓரத்துக் கம்பங்களுக்கிடையில் போனாலும் இரக்கப்பட்டு ஒரு புள்ளி. ஓடிவந்து மற்றவனின் முதுகில் முழங்காலை ஊன்றி எழும்பி ஆகாயத்தில் பந்தைப் பிடிக்கவேண்டும். அதுதான் அவருடைய வேலை. சனிக்கிழமை பிற்பகல் முழு நகரமும் அவர் பெயரைக் கத்தும். திங்கட்கிழமை காலை பெயின்ற் தொழிற்சாலையில் மற்றவர்களைப் போல வாளி தூக்குவார். அந்தக் காலத்தில் ஆட்டச் சம்பளம் மட்டும் காணாதாம்.

"எழும்புறது சுகம்," என்பார். "இறங்கிறதை ஒருத்தரும் பாக்கிறேல்லை. பந்தைத்தானே பாக்கிறாங்கள்."

பத்து வருடம் அப்படி ஏறி இறங்கியதில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. இறங்குவது என்று அவர் சொன்னாலும் பாதி நாள் விழுந்ததுதான், அதுவும் தலைகீழாக. எத்தனை தரம் மைதானத்தில் நினைவில்லாமல் கிடந்தார் என்று அவருக்கே கணக்கில்லை. ஒருமுறை எழுப்பி நிறுத்தி, எந்தப் பக்கம் உன் கம்பம் என்று கேட்டார்களாம். கையை நீட்டிக் காட்டினாராம். சரியோ பிழையோ தெரியாது, ஆடவிட்டார்கள். கணுக்காலில் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு ஊசி, இடைவேளையில் இன்னொன்று. ஊசி போட்டால் கால் மரக்கட்டையாகிவிடும், பிறகு என்ன, ஓடலாம். இதையெல்லாம் பெருமையோடு சொல்வார். எங்கள் ஊரில் ஒரு உடம்பை இப்படிச் செய்தவர்களைச் சித்திரவதைக்காரர் என்றுதான் அழைப்போம் என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

தன் வலியைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் அவர் உண்மை சொன்னார். அந்தக் கதையை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார், ஒரே ஒரு நாள், மழைக்கு லொறிக்குள் ஒதுங்கியிருந்தபோது.

அந்த வருடம் அவருடைய அணி கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒன்றுதான், லட்சம் பேர் பார்க்கிற ஆட்டம். வியாழக்கிழமை பயிற்சியில் அணியின் வைத்தியர் தொடையை அமத்திப் பார்த்து, "நோகுதா?" என்று கேட்டார். நல்ல மனிதர், நம்பிச் சொல்லலாம் என்று நினைத்து, "கொஞ்சம்" என்றிருக்கிறார்.

"கொஞ்சம் எண்டுதான் சொன்னன். வேற ஒண்டும் சொல்லேல்லை."

வெள்ளிக்கிழமை பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் இடத்தில் ஆடியவன் பதக்கம் வாங்கினான். அணியும் வென்றது. இவர் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து கை தட்டினார். அடுத்த வருடமும் அந்த இடம் மற்றவனுக்குத்தான். வேறு அணிக்குப் போய் நாலு வருடம் ஆடினார். அந்த நாலு வருடமும் யார் எங்கே அமத்தினாலும் நோகவில்லை.

"வெளியில வந்திட்டா திரும்ப உள்ள விடமாட்டாங்கள்," என்றார். "ஒருக்கா வெளியில வந்தவனுக்கு அது தெரியும்."

எனக்கும் தெரியும் என்று சொன்னேன். நான் எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

ஏன் லண்டனுக்கு வந்தார் என்று கேட்டதற்கு, மெல்பேர்னில் பேப்பர் வாங்கப் போனாலும் முழங்காலைப் பற்றி விசாரிக்கிறார்கள், இங்கே அந்த ஆட்டமே ஒருவனுக்கும் தெரியாது, நிம்மதி என்றார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெற்கு லண்டன் கிரிக்கெட் மைதானம் ஒன்றில் அவுஸ்திரேலியாவிலிருந்து இரண்டு அணிகள் வந்து காட்சிக்கு ஆடியபோது, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஆட்டத்தைவிட நான் அவரைத்தான் பார்த்தேன். ஒருவன் உயர எழும்பும் ஒவ்வொரு தடவையும் இவருடைய குதிகால் நிலத்தைவிட்டுக் கிளம்பியது.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது, கோட்டுப் போட்ட ஒரு கிழவர் இவரைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். பழைய அணியின் அதே வைத்தியர். சுற்றுலாவாக வந்திருக்கிறார்.

"முழங்கால் எப்பிடி?" என்று கேட்டார்.

"புதுசு மாதிரி," என்றார் இவர்.

கிழவர் சந்தோஷமாக முதுகில் தட்டிவிட்டுப் போனார். இவர் அங்கேயே நின்றார், கிழவர் கண்ணிலிருந்து மறையும்வரை. பிறகுதான் மைதானப் படிகளில் திரும்பி நின்று பின்பக்கமாக இறங்கத் தொடங்கினார். சனங்கள் விலகிப் போனார்கள், குடித்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்தக் கிழவரைத் துரத்திப் போய்ச் சட்டையைப் பிடிக்கவேண்டும் போல ஆத்திரம் வந்தது. இப்போது யோசித்தால், அந்தக் கிழவர் கேள்வியாவது கேட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. மாடியிலிருந்து பாரமான சாமானை இறக்கும்போது ஒருவர் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கி இறங்குவார். மற்றவர் மேல்பக்கத்தைப் பிடிப்பார். கீழே போகிறவருக்குப் படி தெரியாது. மேலே நிற்பவனின் முகம் மட்டும் தெரியும். அவன்தான் "படி, படி, திருப்பம், சுவர்" என்று சொல்லிக்கொண்டு வரவேண்டும். பாரம் முழுக்கக் கீழே நிற்பவர் மேல்தான் இறங்கும். எந்த வீட்டிலும் கீழ்ப்பக்கத்தை அவர்தான் பிடிப்பார். நல்ல மனம் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அவருக்கு வேறு விதமாக இறங்க முடியாது என்பது எனக்கு மட்டும் தெரியும். அவருக்குக் கண் நான்தான்.

நான் சொல்லவந்த காரியம் நடந்த வீடு ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது. கடைக்காரர் எங்கள் ஊர்ப்பக்கம். ஆர்ச்வேயில், முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வாங்கியிருந்தார். மாடி அறையில் ஆளுயர நீளத்துக்கு ஒரு ஃபிரீசர், பெட்டி மாதிரிப் படுத்துக் கிடக்கும் வகை. காலி செய்து வைக்கவேண்டும் என்பது கம்பனியின் நிபந்தனை. காலி என்று சொல்லித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். மூடியைச் சுற்றி நாடா ஒட்டியிருந்தது. அவுஸ்திரேலியர் கீழே லொறியில் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் எங்கட பிள்ளை. உள்ளுக்க கொஞ்ச மீன் கிடக்கு. வெளியில எடுத்தா உருகிப் போம். உவருக்குச் சொல்லாதேயும், பிறகு தூக்கமாட்டன் எண்டு நிப்பார்."

"எவ்வளவு அண்ணை கிடக்கு?"

"கொஞ்சம்தான்." பிறகு சிரித்துக்கொண்டே, "மச்சான் சுகமோ? அவற்ற பேரிலதானே வேலை செய்யிறீர்?" என்றார்.

மிரட்டினார் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். முழு உண்மை அதுவல்ல. அவர் அப்படிக் கேட்காவிட்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். நீர் எங்கட பிள்ளை என்று ஒருவர் சொல்லி வருடக்கணக்காகியிருந்தது. அதில் மயங்கிப் போனேன்.

தூக்கியவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, கொஞ்சம் அல்ல. அவருக்கும் தெரிந்திருக்கும். புருவத்தை உயர்த்தி, "இது காலிதானே?" என்று கேட்டார்.

"ஓம், காலி," என்றேன்.

அவர் முதல் படியில் காலை வைத்தார். என் முகத்தைப் பார்த்தபடியே இறங்கினார். நான் படி, படி என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஆறாவது ஏழாவது படியில் பெட்டி சரிந்தபோது உள்ளேயிருந்த கட்டி மீன் அத்தனையும் ஒரே சத்தத்தோடு கீழ்ப்பக்கத்துக்கு வழுக்கியது. என் கை விட்டுப்போயிற்று. அவர் தலை திருப்பத்துப் பின்சுவரில் மோதிய சத்தமும் கேட்டது. பெட்டி அவரைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டு நின்றது.

நான் கத்தியிருக்கவேண்டும். சில விநாடிகள் அவர் கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு உதடு அசைந்தது.

"ஒண்டுமில்லை," என்றார் தமிழில்.

நான் மேல்பக்கத்தைத் திரும்பப் பிடிக்க, அந்தப் பெட்டியைக் கீழ்ப்பக்கத்தில் நின்று அவரேதான் கடைசிவரை இறக்கினார். ஆர்ச்வே போகும் வழியில் லொறியை ஓரமாக நிறுத்தி இரண்டு தரம் வாந்தி எடுத்தார். காலையில் தின்றது சரியில்லை என்றார். நானும் அதை நம்பியதுபோலத் தலையாட்டினேன். புது வீட்டில் கடைக்காரர் ஃபிரீசரைத் திறந்து, பத்திரமாக வந்து சேர்ந்த விளைமீனில் இரண்டை எனக்கு ரகசியமாகச் சுற்றித் தந்தார். வாங்கினேன். அன்றே குழம்பு வைத்தேன். அடுத்த நாள் மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அவருக்கும் பங்கு வைத்தேன். விரலை நக்கிச் சாப்பிட்டுவிட்டு, "உன்ர கைக்கு என்ன ருசி," என்றார். சிவப்புப் புத்தகம் ஆணியில் தொங்கியபடியே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பழைய மனிதர் இல்லை. பழகிய றோட்டில் வழி தவறினார். ஒரே கதையை ஒரே காலையில் இரண்டு தரம் சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஒரு வீட்டு வாசலில் கட்டிலைப் பிடித்தபடியே வலிப்பு வந்து விழுந்தார். அதோடு வேலை போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு சமூக சேவைப் பெண் அவர் வாயிலிருந்து அந்த ஃபிரீசர் கதையைப் பிடுங்கி, வேலையில் அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பெனிபிட் கிடைக்கும் என்று அவருக்காகத் தானே படிவம் நிரப்பி அனுப்பினாள். அது கிடைத்தால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆயுசுக்கும் போதும். கிடைப்பதற்கு விபத்துப் புத்தகத்தில் பதிவு இருக்கவேண்டும். இல்லையென்றால் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும்.

பெனிபிட் அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தவர் முதலாளியின் அறையில் இருந்தார். அவுஸ்திரேலியர் எதிரே, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு. நான் கதவடியில் நின்றேன், முதலாளி நிற்கச் சொல்லியிருந்தார். வந்தவர் சிவப்புப் புத்தகத்தைப் புரட்டினார். இவர் பெயர் அதில் எங்கும் இல்லை.

"அந்தப் பெட்டியின் மற்றப் பக்கத்தைப் பிடித்தது யார்?" என்று கேட்டார்.

முதலாளி யார் எந்த வீட்டுக்குப் போனார்கள் என்று எழுதிவைக்கிற பழக்கமில்லாதவர். பதில் அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவுஸ்திரேலியர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சாட்சி சொல்வதென்றால் பெயர் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். எந்தப் பெயர்? என் வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வர இருந்தது. நான் அந்தப் புத்தகம் தொங்கிய ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒருத்தருமில்லை," என்றார் அவர். "தனியத்தான் இறக்கினன்."

வந்தவர் சிரித்துவிட்டார். அவ்வளவு பெரிய பெட்டியை ஒற்றை ஆளாகப் படியில் இறக்கினேன் என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள். மரியாதையாகவே எழுதிக்கொண்டு போனார். பெனிபிட் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. ஆறுதல். அதை எழுதும்போது இன்றைக்கும் வாய் கசக்கிறது.

"நான் சொல்லியிருக்கவேணும்," என்றேன் அவரிடம். சொல்லித் தொலைப்பதற்கு வசதியான நேரம் போன பிறகு.

"உன்ர பேர் அது இல்லை எண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும்," என்றார். "கூப்பிட்டா ஒரு செக்கன் பிந்தித்தான் திரும்புவாய். விளையாடினவனுக்கு அது விளங்கும்." கொஞ்சம் நடந்துவிட்டு, "உன்ர ஆட்டம் இன்னும் முடியேல்லை. நீ உள்ளயே நில்," என்றார்.

நான் உள்ளேயே நின்றேன். வழக்கு வென்றது. சொந்தப் பெயரில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது, கழுத்துப்பட்டி கட்டினேன், கல்யாணம் கட்டினேன். அவரைப் பார்க்கப் போகவேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்து நாலு வருடம் போகாமல் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். உள்ளூராட்சிக் கவுன்சில் கொடுத்த தரைத்தள அறை ஒன்றில் இருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்தும்போது மச்சானின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உடனே திரும்பினேன்.

முதலில் என் உண்மையான பெயரைச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் சொன்னது, பெட்டி நிறைய மீன் இருந்தது, எனக்குத் தெரிந்தும் காலி என்று சொன்னது.

"அடுத்த நாள் நீ தந்தியே," என்றார் மெல்ல. "அந்த மீனோ?"

"ஓம்."

என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஏசவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெளியே போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவர் தன் வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் சொன்ன அதே பொய்யை எனக்கும் சொன்னார்.

"ஒண்டுமில்லை."

உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்தது அப்படியே இருந்தது.

புறப்பட்டபோது வழியனுப்ப அவரும் எழுந்து எனக்கு முன்னால் கதவைத் திறந்தார். வாசலில் ஒரே ஒரு படிதான். அவர் திரும்பி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, காலைப் பின்னால் விட்டுத் தேடினார். கண்களை என்னைவிட்டு எடுக்கவில்லை. நான் "படி" என்று சொல்லும்வரை காத்துக்கொண்டு நின்றார்.